துரின் நகரில் ஒரு சாக்லேட் நடை: வழிகாட்டி சொல்லும் கதைகளில் எவை நிற்கும்?

இத்தாலியில் சாக்லேட்டைச் சுவைத்துக்கொண்டே நடந்து பார்க்க ஓர் ஊரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், தயங்காமல் துரின் என்பேன். பெருஜாவுக்கும் சிசிலியில் உள்ள மொடிகாவுக்கும் தனிப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோகோவை முதலில் ருசித்த அரண்மனை, அதைப் பொதுமக்களுக்கு விற்ற காபிக் கடைகள், அதை அரைத்த தொழிற்சாலைகள், அதனோடு சேர்ந்த கொட்டை விளையும் மலைச்சரிவுகள் எல்லாமே ஒரே ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவையாக இருப்பது துரினில்தான். நடப்பதற்கும் வசதியான ஊர். மையப் பகுதியில் தெருக்களின் இரு பக்கமும் வளைவுத் தூண்களோடு கூரை போட்ட நடைபாதைகள் மொத்தம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. மழை பெய்தாலும் குடை விரிக்காமல் கடை கடையாகப் போகலாம்.

வழிகாட்டியோடு போகும் சாக்லேட் நடை பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம் நீளும். ஐந்தாறு கடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு, ஓரிடத்தில் சூடான பானம், நடுநடுவே வரலாறு. சாக்லேட் ஏமாற்றாது. அந்த வரலாற்றைத்தான் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். துரின் சாக்லேட்டைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகளில் சில ஆதாரம் உள்ளவை, சில அரைகுறை, சில காலக்கணக்கிலேயே இடிப்பவை. எந்தக் கதை எந்த வகை என்று தெரிந்துகொண்டு போனால், வாயில் கரையும் துண்டுக்கு இன்னும் பொருள் கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடை வழக்கமாகத் தொடங்குவது பியாட்சா காஸ்தெல்லோ சதுக்கத்தில். ஒரு பக்கம் இந்த ஊரை ஆண்ட சவோய் வம்சத்தின் அரச மாளிகை, நடுவில் பலாத்சோ மதாமா என்ற பழைய மாளிகை. இங்கே சொல்லப்படும் முதல் கதை எமானுவேலே ஃபிலிபெர்த்தோ என்ற சவோய் பிரபுவைப் பற்றியது. ஸ்பெயின் படையில் தளபதியாக இருந்து, 1557-ல் சான் குவென்டின் போரில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்து, 1559 உடன்படிக்கையில் தன் நாட்டைத் திரும்பப் பெற்றவர். 1563-ல் தலைநகரை ஷாம்பெரியிலிருந்து துரினுக்கு மாற்றியவரும் அவரே. கதைப்படி, ஸ்பெயினில் அறிமுகமான சாக்லேட் பானத்தை 1560-ல் அவர் தம் மக்களுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாராம். அழகான காட்சிதான். ஆனால் அந்தக் காலத்தில் ஸ்பெயினிலேயே கோகோ அரண்மனைக்குள் அடங்கிய அரிய பொருள். ஒரு நகரத்துக்கே அதை விருந்து வைக்குமளவு எங்கிருந்து வந்திருக்கும்? அவர் மகன் கார்லோ எமானுவேலே 1585-ல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்பின் மகள் கத்தரீனா மிக்காயேலாவை மணந்தார். அந்த மணமகளோடு கோகோ வந்திருக்கலாம் என்ற இன்னொரு கதை எனக்கு இதைவிட நம்பத் தகுந்ததாகப் படுகிறது. அரசகுலத் திருமணங்களில் மணமகளோடு சமையல்காரர்களும் சாமான்களும் புது ஊருக்குக் குடிபெயர்வது அன்றைய வழக்கம்.

1678-க்கு வரும்போது காலடியில் கெட்டியான தரை தட்டுப்படுகிறது. சிறுவயதுச் சவோய் பிரபுவுக்காக ஆட்சி நடத்திய தாயார் மரியா ஜியோவன்னா பாத்திஸ்தா, ஜியோவன்னி அந்தோனியோ ஆரி என்பவருக்குச் சாக்லேட்டைப் பானமாகப் பொதுவில் விற்க உரிமம் கொடுத்தார். துரின் சாக்லேட் வணிகத்தின் தொடக்கமாக எல்லோரும் காட்டுவது இதைத்தான். பானமாக விற்க என்பதை மனதில் வையுங்கள். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சாக்லேட் என்றால் பெரும்பாலும் குடிப்பதுதான், கடிப்பது அல்ல. இந்த ஒரு செய்தி பின்னால் ஒரு பெரிய கதையையே ஆட்டம் காண வைக்கப்போகிறது.

குடிக்கும் சாக்லேட்டின் கோயில் என்றால் அது பியாட்சா தெல்லா கொன்சொலாத்தாவில், மாதா தேவாலயத்துக்கு நேர் எதிரே இருக்கும் அல் பிச்செரின் என்ற சிறிய கடை. 1763-ல் ஜுசெப்பே தெந்திஸ் தொடங்கியது. உள்ளே மரப்பலகை அடித்த சுவர்கள், சில வட்டப் பளிங்கு மேசைகள், அவ்வளவுதான் இடம். இங்கே பிறந்த பானத்துக்கும் கடையின் பெயர்தான், பிச்செரின். அதற்கு முன் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது பவரெய்சா. காபி, சாக்லேட், பால், சர்க்கரைப் பாகு எல்லாவற்றையும் பெரிய குவளையில் கலந்து தருவார்கள். பிச்செரின் அதைப் பிரித்துப் போட்டது. சிறிய கண்ணாடித் தம்ளரில் காபியும் நெடுநேரம் காய்ச்சிய கெட்டிச் சாக்லேட்டும் சூடாக இருக்கும். மேலே லேசாக அடித்த குளிர்ந்த க்ரீம் மிதக்கும். கரண்டியால் கலக்கக் கூடாது. உதட்டில் முதலில் குளிர்ச்சி படும், அதன் அடியிலிருந்து சூடும் கசப்பும் ஏறி வரும். கலக்கிவிட்டால் அது மிதமான சூட்டில் ஒரு சாதாரண இனிப்புக் காபிதான். வழிகாட்டி இதைச் சொல்ல மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

தேவாலயத்துக்கு எதிரே கடை அமைந்ததற்கும் வியாபாரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நற்கருணை வாங்கும் வரை கத்தோலிக்கர்கள் வெறும் வயிற்றோடு இருப்பார்கள். பூசை முடிந்து படியிறங்கினால் எதிரிலேயே சத்தான சூடான பானம். தவக்காலத்தில் சாக்லேட் குடித்தால் நோன்பு முறியுமா என்பது 17-ஆம் நூற்றாண்டில் திருச்சபைக்குள் பெரிய விவாதமாகவே நடந்தது. பானம் நோன்பை முறிக்காது என்று கர்தினால் பிரான்காச்சோ வாதிட்டார், அந்தக் கருத்தே பரவலாக நிலைத்தது. ஆகவே இறைச்சியும் முட்டையும் விலக்கிய நாட்களிலும் இந்தக் கடையில் கூட்டம் குறையவில்லை. கடையைப் பல தலைமுறைகளாகப் பெண்களே நடத்திவந்தார்கள் என்பதும் முக்கியம். காபிக் கடை ஆண்களின் இடமாக இருந்த காலத்தில், பூசைக்கு வந்த பெண்கள் கூச்சமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்த இடம் இது. இத்தாலியை ஒன்றிணைத்த அரசியல்வாதி கவூர் இங்கே உட்கார்ந்து பிச்செரின் குடித்தார் என்ற பெருமையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தப் பெண்களின் கதையே பெரிதாகத் தெரிகிறது.

அங்கிருந்து வியா போ பக்கம் நடந்தால் 1780-லிருந்து இருக்கும் ஃபியோரியோ வரும். பிரபுக்களும் பழமைவாதிகளும் கூடிப் பேசிய கடை. இன்றைக்கு அங்கே போவது ஜான்டூயா ஐஸ்கிரீமுக்காக. பியாட்சா கரிஞ்ஞானோவில் பெப்பீனோ, சாக்லேட் பூசிய குச்சி ஐஸ்கிரீமுக்கு 1939-ல் காப்புரிமை பெற்ற கடை. கலேரியா சுபல்பீனாவின் கண்ணாடிக் கூரைக்கு அருகில் பராத்தி அண்ட் மிலானோ. இவற்றை எல்லாம் ஒவ்வொரு துண்டோடு கடந்துவிடலாம். நின்று நிதானமாகப் பேச வேண்டியது ஜான்டூயா பற்றித்தான். துரினின் உண்மையான கண்டுபிடிப்பு அதுதான்.

ஜான்டூயா என்பது வறுத்து மாவாக அரைத்த ஹேசல்நட்டும் கோகோவும் சர்க்கரையும் சேர்ந்த மெத்தென்ற கலவை. அதைப் படகைக் கவிழ்த்தாற்போன்ற சிறு கட்டியாக்கித் தங்க நிறத் தாளில் சுற்றினால் ஜான்டுயோத்தோ. வழிகாட்டி சொல்லும் பிறப்புக் கதை இது: 1806-ல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராகக் கண்டம் முழுவதற்கும் வணிகத் தடை போட்டார், கடல் வழியே வந்த கோகோ வரத்து நின்றது, விலை ஏறியது, துரின் மிட்டாய்க்காரர்கள் உள்ளூர் மலையில் விளையும் ஹேசல்நட்டை அரைத்துக் கலந்து கோகோவை நீட்டினார்கள், அப்படிப் பிறந்ததே ஜான்டூயா. கதையில் பெரும்பாலும் மிக்கேலே ப்ரோஷே என்ற துரின் சாக்லேட் தயாரிப்பாளரின் பெயரும் வரும்.

தடை உண்மை. துரின் அப்போது பிரான்சோடு இணைக்கப்பட்டிருந்ததும் உண்மை. கோகோ அருமையானதும் உண்மையாகவே இருக்கும். இடிப்பது மற்றதெல்லாம். ப்ரோஷேயின் வேலை 1850-களைச் சேர்ந்தது. தடையோ நெப்போலியன் வீழ்ந்த 1814-க்குள் முடிந்த விஷயம். நடுவில் கிட்டத்தட்ட 40 ஆண்டு இடைவெளி. தட்டுப்பாட்டுக்காகக் கண்டுபிடித்த ஒன்றை, தட்டுப்பாடு தீர்ந்து ஒரு தலைமுறை கழித்தா கடையில் வைப்பார்கள்? 1806-ல் சாக்லேட் பெரும்பாலும் தண்ணீரிலோ பாலிலோ கரைத்துக் குடிக்கும் பொருள் என்பதையும் பாருங்கள். கோகோவிலிருந்து வெண்ணெயைப் பிழியும் வான் ஹௌட்டன் அழுத்தி 1828-ல்தான் வந்தது. கடித்துச் சாப்பிடும் கட்டிச் சாக்லேட்டை பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம் 1847-ல் செய்தது. வறுத்த கொட்டையை நாக்கில் மணல் தட்டாத அளவுக்கு அரைக்க நல்ல இயந்திரங்களும் வேண்டும். ஏழைக் கடைக்காரர் ஒருவர் அவசரத்துக்குக் கொட்டையைத் தட்டிப் போட்டார் என்பது நடந்திருக்கலாம். அது ஜான்டூயா ஆகாது.

எனவே ஜான்டூயாவைப் பெற்றது தட்டுப்பாடு என்பதைவிட இயந்திரம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1826-ல் தொடங்கிய காஃபரெல் நிறுவனம் நீர்விசையில் ஓடும் அரைவைப் பொறிகளால் வளர்ந்தது. ப்ரோஷே பின்னால் அதனோடு சேர்ந்தார். காஃபரெல், ப்ரோஷே இரண்டுமே வால்டென்சியர் என்ற சிறுபான்மைப் புரோட்டஸ்டன்ட் குடும்பங்கள். துரினுக்கு மேற்கே மலைப் பள்ளத்தாக்குகளில் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டுக் கிடந்த சமூகம். அவர்களுக்கு முழு குடியுரிமை கிடைத்தது 1848-ல். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே அந்தச் சமூகத்திலிருந்து ஊரின் பெரிய தொழில் ஒன்று எழுந்தது. வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தமான விஷயம்.

பெயர் வந்தது 1865 கார்னிவலில், அதாவது தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டத்தில். ஜான்டூயா என்பது துரினைச் சுற்றியுள்ள பியட்மாண்ட் பகுதியின் பொம்மலாட்டப் பாத்திரம். முக்கோணத் தொப்பி, குஞ்சம் கட்டிய சடை, ஒயின் ஜாடி, குடியானவனின் நல்ல குணம். முதலில் அதற்கு ஜெரோலாமோ என்று பெயர் இருந்ததாகவும், நெப்போலியனின் தம்பிக்கும் அதே பெயர் என்பதால் பொம்மலாட்டக்காரர்கள் மாற்றிக்கொண்டதாகவும் சொல்வார்கள். அப்படியானால் நெப்போலியனுக்கும் இந்த மிட்டாய்க்கும் தொடர்பு கொட்டையைவிடப் பெயரில்தான் அதிகம்! அந்தக் கார்னிவலில் ஜான்டூயா வேடமிட்டவர் காஃபரெலின் புதுக் கட்டிகளை மக்களுக்கு வாரி வழங்கினார்.

அந்த ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1861-ல் ஒன்றுபட்ட இத்தாலிக்குத் துரின்தான் தலைநகர். 1864 செப்டம்பரில் தலைநகரை ஃபிளாரன்சுக்கு மாற்றும் செய்தி வெளியானது. ஊர் கொதித்தது. பியாட்சா காஸ்தெல்லோவிலும் பியாட்சா சான் கார்லோவிலும் கூடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1865 பிப்ரவரி தொடக்கத்தில் அரசர் ஊரை விட்டே போய்விட்டார். சில மாதங்களுக்கு முன் ரத்தம் சிந்திய, அரசரே கிளம்பிப் போன ஊரில், அதே பருவத்துக் கார்னிவலில், தங்கள் சொந்த மண்ணின் பொம்மை வேடத்தில் ஒருவர் தங்கத் தாளில் சுற்றிய இனிப்பைக் கையில் வைக்கிறார். அந்த இனிப்புக்கு ஏன் அவ்வளவு உறுதியாக ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது என்று எனக்கு இதில்தான் விளங்குகிறது. சாக்லேட் நடைகள் பியாட்சா சான் கார்லோவுக்குப் போவது 1836-லிருந்து இருக்கும் ஸ்திராத்தா கடைக்காக. அதன் வாசலில் நிற்கும்போது 1864-ஐப் பற்றியும் கேளுங்கள்.

அப்புறம், கட்டியின் வடிவம். ஜான்டுயோத்தோவைக் கையில் எடுத்தால் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் ஒழுங்கற்ற விளிம்போடும் இருக்கும். நல்ல கடைத் துண்டுகளில் இரண்டு ஒன்றுபோல இருக்காது. காரணம் அலங்காரம் அல்ல, வேதியியல். கோகோ வெண்ணெய் அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும். சரியாகப் பதப்படுத்திக் குளிர வைத்தால் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அச்சில் ஊற்றிய சாக்லேட் அச்சை விட்டுக் கழன்று வருவது அந்தச் சுருக்கத்தால்தான். ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் எண்ணெய். எள்ளை ஆட்டும்போது எண்ணெய் கசிவதுபோல அரைக்க அரைக்க அது வெளியே வரும், அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும். கோகோ வெண்ணெய்க்குள் அது புகுந்துவிட்டால் மொத்தக் கலவையும் இளகும், சுருக்கம் குறையும், அச்சில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழைய முறையில் அச்சே கிடையாது. கெட்டிக் கூழ்ப் பதத்தில் இருக்கும் கலவையை இரண்டு தட்டைக் கரண்டிகளால் வெட்டி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை இழுத்து, ஒரே வீச்சில் தட்டில் வைப்பார்கள். பார்க்க எளிது, ஒரே அளவாக வரக் கை பழக வேண்டும். பின்னாளில் கலவையை நேராகத் தட்டில் பிதுக்கிவிடும் இயந்திரம் வந்தது. இன்று அச்சில் வார்ப்பதும் உண்டு. அச்சில் வார்த்ததற்கு விளிம்பு கூர்மையாக இருக்கும், கடித்தால் கொஞ்சம் அழுத்தமாக உடையும். கையால் வெட்டியதை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தாலே போதும், அதுவாகக் கரையும்.

கொட்டையும் எல்லாக் கொட்டையும் அல்ல. துரினுக்குத் தெற்கே லாங்கே மலைச்சரிவுகளில் விளையும் தொந்தா ஜென்தீலே என்ற வகைக்குத்தான் இங்கே மரியாதை. உருண்டையாக இருப்பதால் எல்லாப் பக்கமும் சமமாக வறுபடும், வறுத்ததும் மேல்தோல் எளிதாக உரியும். தோல் ஒட்டிக்கொண்டால் துவர்ப்பு ஏறும். உலகச் சந்தையில் பெரும்பங்கு ஹேசல்நட் துருக்கியிலிருந்து வருகிறது. பியட்மாண்ட் கொட்டை அதைவிட விலை கூடியது, ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் அதற்கு உண்டு.

இந்த மலைச்சரிவின் நடுவே இருக்கும் ஆல்பா என்ற சிறு நகரில்தான் தட்டுப்பாட்டுக் கதை ஒருமுறை உண்மையாகவே நடந்தது, 1806-ல் அல்ல, 1946-ல். இரண்டாம் உலகப் போர் முடிந்து கோகோ கிடைப்பதும் அரிது, வாங்குவதும் கடினம். பியெத்ரோ ஃபெரேரோ என்ற மிட்டாய்க்காரர் நிறைய ஹேசல்நட்டும் கொஞ்சம் கோகோவும் கலந்து, கத்தியால் சீவி ரொட்டியில் வைத்துத் தின்னும் கட்டியாக விற்றார். 1951-ல் அதைத் தடவும் பதத்துக்கு இளக்கினார்கள். 1964-ல் அவர் மகன் மிக்கேலே அதைச் சீர்படுத்திப் புதுப் பெயர் வைத்தார்: நுட்டெல்லா. நெப்போலியன் கதை இன்று இவ்வளவு இயல்பாக நம்பப்படுவதற்கு, போருக்குப் பின் இதே மண்ணில் மக்கள் கண்ணாலேயே பார்த்த இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கோகோ விலையின் அழுத்தம் அத்தோடு முடியவில்லை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிப்பவை ஐவரி கோஸ்ட்டும் கானாவும். அங்கே விளைச்சல் சரிந்து 2024-ல் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. பெரிய நிறுவனங்கள் கலவையை மாற்றும், எடையைக் குறைக்கும். சிறு கடைக்காரரால் அது முடியாது, வாடிக்கையாளர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

துரினில் அண்மை ஆண்டுகளில் நடந்த சண்டையும் கலவையைப் பற்றியதே. ஜான்டூயா சாக்லேட் என்று போட ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 100 கிராமில் நன்றாக அரைத்த ஹேசல்நட் 20 முதல் 40 கிராம் வரை இருக்க வேண்டும், அதில் சேரும் சாக்லேட்டில் கோகோ திடப்பொருள் குறைந்தது 32 சதவீதம். பால் சேர்த்த வகைக்குத் தனி விதி, அதில் கொட்டை 15 கிராமிலேயே தொடங்கலாம். இந்த வரம்பு மிகத் தளர்வானது என்று கருதிய துரின் கைவினைஞர்கள், ஜான்டுயோத்தோவுக்கும் புவிசார் பாதுகாப்பு கேட்டு, கொட்டை அதிகம் வேண்டும், பால்பொடி கூடாது என்று விதி எழுதினார்கள். 1997-லிருந்து காஃபரெலின் உரிமையாளரான சுவிஸ் நிறுவனம் லிண்ட் பால்பொடிக்கும் இடம் கேட்டது. பெரிய நிறுவனத்திடம் வாதம் இல்லாமல் இல்லை, அவர்களுடைய வகையும் பல ஆண்டுகளாக விற்பதுதான். ஆனாலும் நான் கைவினைஞர்கள் பக்கம்தான். பால்பொடி சேர்த்தால் இனிப்பும் பால் வாசனையும் முன்னுக்கு வந்து வறுத்த கொட்டையின் மணம் பின்னால் போய்விடுகிறது. அந்த மணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நீங்கள் போவதானால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள். கோடை வெயிலில் ஜான்டுயோத்தோ பையிலேயே உருகும், ஆகஸ்டில் பல கடைகள் மூடியும் இருக்கும். காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கடைக்குக் கடை தண்ணீர் குடியுங்கள். கசப்புச் சாக்லேட்டை முதலிலும் ஜான்டூயாவைப் பிறகும் வைத்துக்கொண்டால் நாக்கு களைக்காது. பிச்செரினைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்குப் பிறகு எதுவும் ருசிக்காது. வீட்டுக்கு வாங்கும்போது தாளின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். சர்க்கரை, ஹேசல்நட், கோகோ, கோகோ வெண்ணெய், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்கத் தேவையில்லை. ஹேசல்நட் எத்தனை சதவீதம், எந்த ஊர்க் கொட்டை, கையால் வெட்டியதா அச்சா என்று கடைக்காரரிடமே கேளுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார், பெரும்பாலும் ஒரு துண்டை எடுத்துக் கையிலும் கொடுப்பார்.